பின்சந்தின் சாட்சியம்: மல்லேஸ்வரத்தில் ஆய்வுமுறை பயில்தல்

மல்லேஸ்வரத்தின் இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவே நடந்து செல்வோர்க்கு, வீடுகளின் முதுகுகள் எதிரெதிரே நிற்கும் ஒடுங்கிய சந்து ஒன்று எதிர்ப்படும். பெங்களூரில் அதற்கு இன்றும் வழங்கும் பெயர் 'கன்சர்வன்சி லேன்'. கட்டடக்கலை, நிலத்தோற்ற வடிவமைப்பு, நகர வடிவமைப்பு ஆகிய துறைகளின் மாணவர்கள் அளவு நாடாவும் வரைதாளுமாக இவ்வட்டாரத்துக்கு வருவது வழக்கம். முகப்பின் மரவேலைப்பாடு, திண்ணை, ஓட்டுக்கூரையின் சரிவு, சம்பிகே சாலையின் மரநிழல், கோயில், குளம் என அனைத்தும் அவர்களுடைய தாளில் ஏறும். அந்தச் சந்து மட்டும் பெரும்பாலும் இரண்டு இணைகோடுகளாக நின்றுவிடும். அதை வரையக்கூடாது என்று எவரும் சொல்வதில்லை. வரைய வேண்டும் என்று எந்தக் கேள்வியும் அவர்களை அங்கே அழைத்துச் செல்லவில்லை என்பதே காரணம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'கன்சர்வன்சி' என்ற சொல்லின் லத்தீன் வேருக்குக் காத்தல் என்று பொருள். பிரிட்டிஷ் இந்திய நகராட்சி மொழியிலோ அது குப்பையையும் மலத்தையும் அப்புறப்படுத்தும் பணியைக் குறித்தது. சாக்கடை இணைப்பு வருவதற்கு முந்தைய வீடுகளில் கழிப்பறை பின்மதிலை ஒட்டி இருந்தது. மலத்தை அள்ளிச் செல்பவர் தெருவழியாக, வாசல்வழியாக வரக்கூடாது, அவருக்கென்றே பின்சந்து. தமிழ்நாட்டில் அதே அமைப்புக்கு 'எடுப்புக் கக்கூஸ்' என்று பெயர். ஆங்கிலச் சொல் செயலையே மறைக்கிறது. தமிழ்ச் சொல் செயலைச் சொல்லிவிட்டு, செய்பவரை மறைக்கிறது. 'எடுப்பு' என்ற தொழிற்பெயருக்குள் எடுப்பவர் யார் என்பதற்கு இடமில்லை. மொழியியலார் இதை எழுவாய் நீக்கம் என்று எளிதில் கடந்துவிடலாம். நகர வரலாற்றாய்வாளர் அப்படிக் கடந்துவிட முடியாது. ஏனெனில் நகரின் வரைபடமும் அதே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டுள்ளது.

ஆய்வுமுறை பற்றிய பாடத்தில் மாணவர் கையில் முதலில் வருவது பெரும்பாலும் லிண்டா க்ரோட், டேவிட் வாங் இருவரும் எழுதி 2002-இல் வெளிவந்த 'ஆர்க்கிடெக்சுரல் ரிசர்ச் மெத்தட்ஸ்' என்னும் நூல். வரலாற்றாய்வு, பண்புசார் ஆய்வு, தொடர்புறவாய்வு, சோதனை, உருவகிப்பு, தருக்கவாதம், தனியாய்வு என்று அது முறைகளை அத்தியாயங்களாக வகுத்துத் தருகிறது. நல்ல நூல். ஆயினும் அதைப் படித்த மாணவர் 'எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது' என்று கேட்கப் பழகுகிறாரேயன்றி, 'இந்தச் சான்று எந்தக் கேள்விக்கு மட்டும் விடை சொல்லும்' என்று கேட்கப் பழகுவதில்லை. இரண்டாவது கேள்வியைக் கற்பிக்க மல்லேஸ்வரத்தைப் போன்ற வட்டாரம் அரிது. நாலு சதுரக் கிலோமீட்டருக்குள் கல்வெட்டும், குடியேற்றத் திட்டமும், பங்களாவும், மரவரிசையும், ஆய்வுக்கூடமும், சந்தும் அடுத்தடுத்து இருப்பதே காரணம்.

திட்ட வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். '1898 பிளேக்கினால் பிறந்த ஊர் மல்லேஸ்வரம்' என்ற வாக்கியம் நாளிதழ்க் கட்டுரைகளிலிருந்து முதுகலை ஆய்வேடுகள் வரை மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. கால வரிசையை ஒருமுறை சரிபார்த்தாலே அது ஆட்டங்காணும். திட்டத்தின் தொடக்கமாக நூல்களில் 1889, 1892 என்ற ஆண்டுகள் மாறிமாறி வரும். இரண்டுமே பிளேக்குக்கு முந்தியவை. அப்போது மைசூர் அரசின் திவான் சேஷாத்ரி ஐயர். அவர் பெயரைத் தாங்கிய சேஷாத்ரிபுரம் மல்லேஸ்வரத்தின் அண்டை வட்டாரம். 1898-இல் பழைய பேட்டைப் பகுதியைப் பிளேக் தாக்கியபோது, முன்னரே கோடு போட்டு வைத்திருந்த மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரைந்து நிரம்பின. பிளேக் ஊரை உண்டாக்கவில்லை, ஊரை நிரப்பியது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அகன்ற தெரு, தனித்தனி மனை, பின்சந்து ஆகியவற்றுக்கு பிளேக்கைக் காரணமாகக் காட்டிவிட்டால், அவற்றின் உண்மையான மூலத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமற்போகிறது.

மூலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. நெரிசலும், ஈரமும், தேங்கிய கழிவிலிருந்து எழும் கெட்ட காற்றும் நோயைத் தருகின்றன என்ற கருத்து அன்றைய சுகாதாரப் பொறியாளர்களை ஆண்டது. இந்தியாவிலிருந்த படையினரின் சுகாதார நிலையைப் பற்றிய அரச ஆணையம் 1863-இல் அறிக்கை தந்ததிலிருந்து படைமுகாம்களின் அமைப்பும், அதைப் பின்பற்றி ஊர்களின் விரிவாக்கமும் இக்கருத்தின்மீதே எழுந்தன. பிளேக் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் 1894-இல் கண்டறிந்தார். எலியின் தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புகிறது என்பதைப் பால் லூயி சிமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது, பெங்களூரில் மக்கள் பேட்டையை விட்டு ஓடிக்கொண்டிருந்த அதே 1898-இல். அது ஏற்றுக்கொள்ளப்பட மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே மல்லேஸ்வரத்தின் வரைபடம், நோய் உண்மையில் எவ்வாறு பரவியது என்பதற்குச் சான்றாகாது. நோய் எவ்வாறு பரவுகிறது என்று வரைந்தவர் நம்பினார் என்பதற்கே அது சான்று. வரைபடத்தைப் பார்த்து 'மக்கள் இவ்வாறு வாழ்ந்தனர்' என்று எழுதும் ஆய்வேடுகள் தடுமாறும் இடமும் இதுவே.

அந்த நம்பிக்கையில் சாதியும் கலந்திருந்தது. பெங்களூரின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை 'தி ப்ராமிஸ் ஆஃப் தி மெட்ரோபொலிஸ்' (2005) என்ற நூலில் விரிவாக எழுதிய ஜானகி நாயர், இப்புதிய விரிவாக்கங்களில் மனைகள் சாதி, சமயம் பார்த்துப் பகுக்கப்பட்டதைக் கவனப்படுத்துகிறார். நவீன நகரமைப்பு பழைய அக்கிரகார இலக்கணத்தை அழிக்கவில்லை. அதற்கு நேர்கோடு போட்டுக் கொடுத்தது. பின்சந்து அதன் தருக்கபூர்வமான முடிவு. தெரு ஒருவருக்கு, சந்து மற்றொருவருக்கு என்று நில அளவையிலேயே எழுதியாயிற்று. அள்ளுபவருக்கு அவ்விரிவாக்கத்தில் வழி இருந்தது. மனை எங்கே இருந்தது என்று வரைபடத்தைக் கேட்டால் அது வாய் திறக்காது.

வரைபடம் மறைக்கும் இன்னொன்றும் உண்டு. விரிவாக்கம் வெற்றுத்தாளில் வரையப்பட்டதுபோல் அது தோற்றமளிக்கிறது. ஆனால் அங்கே ஊர் இருந்தது. காடு மல்லேஸ்வரர் கோயிலைச் சார்ந்த 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, மல்லபுரத்து மல்லிகார்ச்சுனர்க்கு மேதரநிங்கனஹள்ளி என்ற சிற்றூரை ஏகோஜி மானியமாக அளித்ததைப் பதிவு செய்கிறது. ஷாஜியின் மகனும் சிவாஜியின் மாற்றாந்தாய் வழித் தம்பியுமான இதே ஏகோஜிதான் 1670-களில் தஞ்சாவூரைக் கைப்பற்றி அங்கே மராட்டிய அரசை நிறுவினார். தமிழ் வாசகர்க்கு அவர் தஞ்சை வரலாற்றின் முதற்பக்கத்து மனிதர். மல்லேஸ்வரத்திலோ ஒரு சிற்றூரின் கொடையாளி.

ஊர்ப்பெயர் மொழியியலாருக்கு ஆசை காட்டக்கூடியது. 'மேதர' என்பது கன்னடத்தில் மூங்கிற்கூடை முடைவோரைக் குறிக்கும் சொல். கோயிலின் அடைமொழியான 'காடு' தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றே. மூங்கில், காடு, கூடை முடைவோர் என்று மூன்றையும் கோத்து ஓர் அழகிய நிலத்தோற்றத்தைக் கட்டிவிடலாம். அங்கேதான் கை நிற்க வேண்டும். பெயர் சூட்டப்பட்ட காலத்தில் அத்தொழிலினர் அங்கே இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை ஊர்ப்பெயர் எழுப்பும்; 1669-இல் அவ்வூரில் வாழ்ந்தவர் யார் என்பதை நிறுவாது. கல்வெட்டும் கொடையைச் சொல்லும், உழுதவரைச் சொல்லாது. இரண்டையும் வைத்துக்கொண்டு உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றே: 1890-களின் நேர்கோடுகளுக்கு அடியில், வேறு உரிமைகளும் வேறு எல்லைகளும் கொண்ட ஓர் ஊர் கிடந்தது.

இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கோயிலுக்கு எதிர்ப்புறமே காணலாம். மண்மூடிக் கிடந்த நந்தி தீர்த்தம் 1997-இல் தோண்டி வெளிக்கொணரப்பட்டது. நந்தியின் வாயிலிருந்து லிங்கத்தின்மேல் நீர் விழ, அது கீழே கல்யாணியில் சேரும் அமைப்பு. விரைவில் அதற்கு 7,000 ஆண்டு வயது என்ற செய்தி பரவியது, இன்றும் பரவுகிறது. தொல்லியல் நோக்கில் அது காடு மல்லேஸ்வரர் கோயிலின் காலத்தை, அதாவது பதினேழாம் நூற்றாண்டை ஒட்டியதாகவே கருதப்படுகிறது. ஒரு குளத்தின் வயதை அதன் நீரோ, அதன்மீதுள்ள பக்தியோ சொல்லாது. கல்லின் வெட்டு, தூணின் வடிவம், மூடியிருந்த மண்ணின் அடுக்கு, அருகிலுள்ள கல்வெட்டு ஆகியவையே சொல்லும். முதலாண்டு மாணவரை அழைத்துச் சென்று, 'இதன் வயதை எப்படி அறிவாய்?' என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறை இல்லை.

ஏகோஜியின் தடத்தைப் பின்பற்றித் தஞ்சாவூருக்குப் போனால், நகராய்வு முறையின் வரலாற்றிலேயே முக்கியமான ஒரு நிகழ்வைச் சந்திக்கலாம். ஸ்காட்லாந்தின் தாவரவியல் பேராசிரியர் பேட்ரிக் கெட்டிஸ், சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-இல் இந்தியாவுக்கு வந்தார். ஆண்டுக்கணக்கில் திரட்டிய நகரங்கள் பற்றிய கண்காட்சிப் பொருள்கள் பின்னால் 'க்ளான் கிராண்ட்' என்ற கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, தமிழில் பொல்லாத ஆளுக்கு ஒரு பெயரையே விட்டுச் சென்ற அதே எம்டன்தான். நண்பர்கள் அவசரமாகத் திரட்டியனுப்பிய மாற்றுப் பொருள்களைக் கொண்டு, 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

கண்காட்சியைவிட முக்கியமானது அவர் கால்நடையாகச் செய்த வேலை. சென்னை மாகாணத்தின் ஊர்களை ஒவ்வொன்றாக நடந்து பார்த்து, 1915-இல் அறிக்கை எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு நகராட்சித் தரப்பில் ஒரு திட்டம் இருந்தது: நெருக்கமான வீடுகளுக்கு நடுவே நேர்கோட்டுத் தெருக்களை வெட்டுவது. மல்லேஸ்வரத்தில் வெற்றுநிலமாகக் கருதப்பட்டதன்மீது போடப்பட்ட கட்டத்தை, தஞ்சாவூரில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த வீடுகளின்மீதே போடும் முயற்சி அது. கெட்டிஸ் அதற்கு எதிராக வேறொரு வரைபடத்தை வைத்தார். எந்த வீடு குடியிருக்கத்தக்கது, எது இடிந்து கிடக்கிறது, எங்கே காலிமனை, எங்கே கிணறு, எங்கே மரம், எந்தச் சந்து வழியாக மக்கள் உண்மையில் நடக்கின்றனர் என்று வீடுவீடாகக் குறித்தார். பாழடைந்த சிலவற்றை மட்டும் நீக்கி, காலியிடங்களை இணைத்து, மரம் நட்டு, சந்துகளைச் சற்றே அகலப்படுத்தினால் போதும் என்று காட்டினார். மிகக் குறைந்த செலவு, மிகக் குறைந்த இடிப்பு. 'கன்சர்வேட்டிவ் சர்ஜரி' என்று அவர் இதற்குப் பெயரிட்டார். காக்கும் அறுவை என்று தமிழில் சொல்லலாம். கன்சர்வன்சி, கன்சர்வேட்டிவ் என ஒரே வேரின் இரண்டு கிளைகள் ஒரே காலத்தில் ஒரே நாட்டில் இத்தனை தொலைவு விலகி நின்றன.

கெட்டிஸின் முறையை 'ஆய்வு முதலில், திட்டம் பின்னர்' என்று பாடநூல்கள் சுருக்குகின்றன. சுருக்கத்தில் தவறிப்போவது அதன் உடலுழைப்பு. அவர் நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படம் பொய் சொல்லும் இடங்களைத் தேடி நடந்தார். கோயிற்குளங்களை மலேரியாவுக்கு அஞ்சித் தூர்க்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் சொன்னபோது, குளம் ஊரைக் குளிர்விக்கிறது, மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழுவை அவை தின்னும் என்றார். தாவரவியலாரின் பார்வை அது. ஹெச். வி. லான்செஸ்டர் அவரோடு சென்னையில் பணியாற்றி, 1918-இல் சென்னை நகரமைப்பு பற்றி நூல் எழுதினார்; 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. வீடுவீடாக நடக்கும் பழக்கத்தைச் சட்டமாக்க முடியவில்லை. அது அலுவலக நடைமுறையாகிக் காகிதத்தில் சுருங்கியது.

கெட்டிஸைக் கொண்டாடும் எழுத்து தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மிகுதி. ஆகவே அவருடைய பார்வையின் எல்லையையும் சொல்லவேண்டும். 1910-களின் இறுதியில் இந்தூரில் அவர் ஒரு தீபாவளி ஊர்வலம் நடத்தினார். எந்தத் தெரு மிகத் தூய்மையோ அதன்வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவிக்க, ஊரே போட்டியிட்டுத் துடைத்துக்கொண்டது. ஊர்வலத்தில் துப்புரவுப் பணியாளர்கள் வெள்ளுடையும் பூவும் அணிந்து பெருமையுடன் நடந்ததாக, அவரே சொல்லக் கேட்டு அமெலியா டெஃப்ரீஸ் 1927-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். மனிதரை மதித்த செயல் அது என்பதில் ஐயமில்லை. மறுநாள் துடைப்பம் யார் கையில் இருந்தது என்பதைப் பற்றி அந்தக் கதையில் ஒன்றுமில்லை. வீட்டையும், மரத்தையும், கிணற்றையும் வீடுவீடாகக் குறித்த முறை, அள்ளுபவரின் நாளை நேரவாரியாகக் குறிக்கவில்லை. கழிவைத் தோட்டத்துக்கு உரமாக்க வேண்டும் என்று அவர் இந்தூர் அறிக்கையில் விரிவாக வாதிட்டார். அதைத் தோட்டம்வரை சுமப்பது யார் என்ற கேள்வி அங்கேயும் எழுவாய் இல்லாமலே நிற்கிறது.

மீண்டும் மல்லேஸ்வரம். அளவீட்டு வரைபடம் கட்டடக்கலை மாணவரின் முதற்கருவி. பெங்களூரில் அதற்கு முன்னோடி ஜேனட் பாட். அவருடைய 'ஓல்ட் பங்களோஸ் இன் பெங்களூர்' 1977-இல் லண்டனில் வெளிவந்தது. சன்னலுக்கும் முகப்புக்கும் மேல் கூம்பாக நிற்கும் மரவேலைப்பாட்டை, பெங்களூர் 'மங்கி டாப்' என்றழைப்பதை, அவர் கோடுகோடாகப் பதிந்து வைத்தார். அவர் வரைந்த வீடுகளில் பல இன்று இல்லை. அவற்றுக்கு அந்நூலே எஞ்சிய உடல். இது அளவீட்டு வரைபடத்தின் வலிமை. அதன் பலவீனம், இன்று எது நிற்கிறதோ அதையே அது அளக்க முடியும் என்பது. மல்லேஸ்வரத்தில் சி. வி. ராமன் வாழ்ந்த 'பஞ்சவடி' நிற்கிறது. பெருமனையும், புகழும், பேணும் குடும்பமும் உள்ள வீடுகள் நிற்கும். சிறுமனையில் வாடகைக்கு இருந்த எழுத்தரின் வீடு அடுக்குமாடியாகிவிடும். எஞ்சியவற்றை மட்டும் அளந்து 'மல்லேஸ்வரத்து வீட்டு வடிவம்' என்று தலைப்பிடும் ஆய்வு, உண்மையில் தப்பிப்பிழைத்த வீட்டின் வடிவத்தையே விவரிக்கிறது. நூறு ஆண்டுக்கு முந்தைய நகராட்சி வரிப்பதிவேட்டையும் உடன் வைத்துப் படிக்காத எந்த வகைப்பாட்டுக்கும் இக்குறை உண்டு.

மரங்களிலும் இதே சிக்கல். மார்கோசா சாலை வேப்பமரத்தின் பெயர் கொண்டது. கசப்பைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து கன்னட நகரின் பெயர்ப்பலகையில் ஏறிய பெயர் அது. சம்பிகே சாலை, சண்பகத்தின் பெயரால். பெங்களூரில் ஆண்டு முழுதும் ஏதாவதொரு மரம் பூத்திருக்குமாறு நட்டவர் கிரம்பிகல் என்று எல்லோரும் சொல்வர். ஜெர்மனியில் பிறந்து, கியூ தோட்டத்தில் பயின்று, பரோடாவில் பணியாற்றி, 1908-இலிருந்து லால்பாகைக் கவனித்தவர். பெங்களூரிலேயே 1956-இல் மறைந்தார். அவருடைய பங்கு பெரிது. ஆனால் இன்று தெருவில் நிழல் தரும் மரங்களில் மிகப்பல 1980-களில் வனத்துறை அதிகாரி நேகின்ஹால் தலைமையில் நடப்பட்டவை; அவ்வியக்கத்தில் நட்டவை 15 லட்சம் என்று சொல்லப்படுகிறது. புகழ்பெற்ற பெயருக்குப் பெயரறியாத மரங்களையெல்லாம் எழுதிவைக்கும் பழக்கம் நிலத்தோற்ற வரலாற்றில் மிகுதி. மரத்தின் இனத்தையும், அடிமரத்தின் சுற்றளவையும், நடப்பட்ட வரிசையின் சீரையும் பார்த்தாலே இந்தப் பிழையில் பாதி தீரும்.

ஹரிணி நாகேந்திராவும் திவ்யா கோபாலும் 2010-இல் வெளியிட்ட தெருமர ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. தெருவின் அகலத்தை ஒரு மாறியாகக் கொண்டு எண்ணியதால், அகன்ற சாலைகளில்தான் பெரிய மரங்கள் உள்ளன, சாலை விரிவாக்கத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அவையே, பதிலுக்கு நடப்படுவன சிறிய இனங்கள் என்பது தெளிவாயிற்று. 2023-இல் சாங்கி ஏரியை ஒட்டிய மேம்பாலத் திட்டத்தை வட்டாரத்தார் எதிர்த்தபோது, ஏரிக்கரை மரங்களே வாதத்தின் நடுப்பொருளாயின. மரத்தை எண்ணும் முறை அங்கே பாடத்தாளாக இல்லாமல் வழக்காடும் கருவியாக ஆயிற்று. 1882-இல் அமைந்த அந்த ஏரிக்குச் சந்தனக் கிடங்கின் பெயரால் 'கந்தத கோட்டி கெரெ' என்றும் வழக்குண்டு.

ஏரிக்கு அப்பால் இந்திய அறிவியல் நிறுவனத்தில், மைசூர் அரசின் தலைமைக் கட்டடக்கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் வடிவமைத்த கட்டடங்கள் உள்ளன. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதர். எகிப்து வழியாக 1939-இல் பெங்களூர் வந்தார். வெயிலின் கோணம், காற்றின் திசை, சுவரின் சூடு இவற்றிலிருந்து வடிவத்தைப் பெறும் பழக்கம் இங்கே முதிர்ந்தது. 1953-இல் லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக்கலை மாநாடு கூடியதற்கு மூலம், மான்செஸ்டரில் படித்த நைஜீரிய மாணவர் அடெடோகுன் அடெயெமியின் முறையீடு: இங்கே கற்பது ஊரில் உதவாது என்பது. அதன் விளைவாக ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷனில் 1954-இல் தொடங்கிய துறையை முதலில் மேக்ஸ்வெல் ஃப்ரையும் பின்னர் கோனிக்ஸ்பெர்கரும் வழிநடத்தினர். ஆய்வுமுறைப் பாடத்தின் வரலாற்றில், பாடத்திட்டத்தின் போதாமையைச் சொன்ன மாணவர்க்கு இடம் தருவோர் குறைவு.

இனி, சந்து. அதைப் படிக்கப் புதிய முறை எதுவும் தேவையில்லை. மேற்சொன்னவை அனைத்தையும் வேறொரு பக்கத்திலிருந்து செய்தால் போதும். வெட்டுமுகப் படத்தைத் தெருவிலிருந்து தொடங்காமல் சந்திலிருந்து தொடங்கி வரையலாம். சந்தின் அகலம், வடிகாலின் சரிவு, பின்மதிலின் உயரம், மதிலில் செங்கல் வரிசை மாறுபட்டு, பழைய திறப்பொன்று அடைக்கப்பட்ட தடம் இருந்தால் தரையிலிருந்து அதன் உயரம் ஆகியவற்றை அளக்கலாம். அந்த உயரம், அள்ளியவர் எவ்வளவு குனிய வேண்டியிருந்தது என்பதைச் சொல்லும். நகராட்சியின் சம்பளப் பதிவேட்டில் கன்சர்வன்சிப் பிரிவு தனியே இருக்கும். வரைபடம் சொல்லாத ஆட்களின் எண்ணிக்கை அங்கே கிடைக்கலாம். சாக்கடை இணைப்பு எந்தத் தெருவுக்கு எப்போது வந்தது என்ற பதிவை அதனருகே வைத்தால், சந்து எந்த ஆண்டில் தன் முதல் வேலையை இழந்தது என்று தெருவாரியாகக் குறிக்க முடியும். உலர் கழிப்பறைகளைத் தடைசெய்யும் சட்டம் 1993-இலும், கையால் மலமள்ளும் பணியை முற்றாகத் தடுத்து மறுவாழ்வு கோரும் சட்டம் 2013-இலும் வந்தன. ஆனால் சட்டத்தின் ஆண்டைச் சந்தின் ஆண்டாக எழுதிவிடக்கூடாது.

காலமும் குறைவு. சில சந்துகள் அண்மை ஆண்டுகளில் கல் பாவி, விளக்கிட்டு, சுவரோவியம் தீட்டி, நடைபாதைகளாக மாற்றப்பட்டுள்ளன. குப்பைமேடாகக் கிடந்த இடம் நடக்கத்தக்கதானது வட்டாரத்துக்கு நன்மையே. நகர வடிவமைப்பு வகுப்புகளில் இவை நல்ல மாற்றத்தின் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும்போது, முன் - பின் ஒளிப்படங்கள் இரண்டு அடுத்தடுத்து வரும். 'முன்' என்ற படத்தில் இருப்பது குப்பையும் நிறுத்தப்பட்ட ஸ்கூட்டர்களும். அதற்கும் முந்தைய நூற்றாண்டு அந்தப் படத்தில் இல்லை. சாந்து பூசி வண்ணமடித்த மதிலில் செங்கல் வரிசையைப் படிக்க முடியாது. அளவெடுப்பு வண்ணத்துக்கு முன்னரே நடந்தாக வேண்டும்.

வாய்மொழிச் சான்று இருக்கிறது. அதில்தான் ஆய்வாளர் மிக எளிதில் தவறுவார். வட்டாரத்து மூத்த குடியிருப்பாளர்கள் பேசுவர், நன்றாகவே பேசுவர், தேநீரும் தருவர். அவர்களுடைய நினைவில் சந்து, 'காலையில் அவர்கள் வந்துபோகும் வழி' என்று ஒரு வரியில் முடியும். வந்துபோனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இந்நகரில்தான் வேறெங்கோ வாழ்கின்றனர். அவர்களைத் தேடிச் செல்லும் ஆய்வாளர், சந்தில் நிறுத்தி ஒளிப்படம் எடுத்துக்கொண்டு பேட்டி காணக்கூடாது. எங்கே உட்கார்ந்து பேசுவது, எந்தப் பெயரில் பதிவது, எதைப் பதியாமல் விடுவது என்பன அவர்கள் முடிவு செய்யவேண்டியவை. சிலர் பேச மறுக்கலாம். அம்மறுப்பையும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம், காரணம் கேட்காமல்.